மேசை நடுவில் கிடக்கும் பணம்

சென்ற ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, வைத்திக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி பற்று நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பன்னிரண்டு வருடமாக என்னிடம் சரக்கு எடுப்பவர். உட்காரக்கூட இல்லை. "அண்ணே, நாப்பதாயிரம் நிக்குது. இப்ப இன்னும் இருவதாயிரத்துக்குச் சரக்கு கேக்கறான். குடுக்கட்டுமா, நிறுத்திக்கட்டுமா? நீங்க சொல்லுங்க" என்றார்.

கேட்டவர் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் நிற்கும் ஒரு விசைப்படகில் பங்குக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அரசு நிவாரணம் உண்டு என்றாலும், அந்த இரண்டு மாதம் குப்பத்தில் பல வீடுகளில் உலை கொதிப்பது நம்மவர்களின் பற்று நோட்டை நம்பித்தான் என்பது கடற்கரையோரம் கடை வைத்திருக்கும் அன்பர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த மனிதரின் பாக்கி தடைக்காலத்துக்கு முன்பே தொடங்கியது. மாசி மகத்துக்குத் தருகிறேன் என்றார். தீர்த்தவாரி முடிந்து மயிலம் முருகன் மலைக்கே திரும்பிப் போய்விட்டார்; பணம் வரவில்லை. இப்போது முதல் ஓட்டத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், வீட்டுக்குத் தனியாக இரண்டு சிப்பம் அரிசி எல்லாம் சேர்த்து இருபதாயிரம். "படகு எறங்குனாத்தான் பழசும் சேத்துக் குடுக்க முடியும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அதாவது, கொடுக்காவிட்டால் பழையதையும் மறந்துவிடு என்று பொருள்.

நமது தொழிலில் இந்தக் கேள்வி வராத கடைக்காரர் கிடையாது. பெரும்பாலும் நாம் இதற்குக் கோபத்தில் பதில் சொல்கிறோம், அல்லது தாட்சண்யத்தில் சொல்கிறோம். கணக்குப் போட்டுச் சொல்வது குறைவு. இதற்குச் சரியான கணக்கு ஒன்று உண்டு என்பதை நான் கற்றுக்கொண்டது மண்டியில் அல்ல, சீட்டாட்டத்தில். சொன்னால் சிரிப்பீர்கள்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தங்கை மகன் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். பொழுது போகாமல் எனக்குப் போக்கர் ஆட்டம் சொல்லிக் கொடுத்தான். பணம் வைக்கவில்லை; ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. (இந்த ஆட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்பது நீண்ட வழக்கு. ரம்மியைத் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மியோடு போக்கரையும் அவ்வாறே சொன்னது. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்து கைப்பேசியில் ஆடி முதலை விட்ட சிலரை நான் அறிவேன். ஆகையால் எனக்கு அதில் வருத்தமில்லை.)

ஆட்டம் இதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்கக் கூடாது. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டைத் திறப்பார்கள், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு திறப்பிலும் பந்தயம். தன்னிடம் உள்ள அத்தனையையும் ஒருவர் நடுவில் தள்ளிவிடலாம். இதற்கு 'ஆல் இன்' என்று பெயர். எதிரில் இருப்பவருக்கு அப்போது இரண்டே வழி. சமமாகப் பணத்தை வைத்துக் கையைக் காட்டச் சொல்லலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு, அதுவரை போட்டதை விட்டுவிட்டு ஒதுங்கலாம்.

ஒரு நாள் நடுவில் 60 கொட்டை இருந்தது. என் கையில் இரண்டு ஆர்ட்டின், மேசையில் திறந்த நாலு சீட்டில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஓர் ஆர்ட்டின் விழுந்தால் ஐந்தும் ஒரே இனமாகி எனக்குப் பெரிய கை. திறக்க வேண்டியது ஒரே சீட்டு. மருமகன் தன்னிடம் இருந்த 40 கொட்டையையும் தள்ளினான். நான் யோசிக்காமல் 40 வைத்தேன். ஆர்ட்டின் விழவில்லை. "ஏன் மாமா வச்சீங்க?" என்று கேட்டான். "ஏற்கெனவே முப்பது கொட்டை போட்டிருக்கேனே, விட்டுட்டுப் போகவா?" என்றேன்.

அவன் சிரித்தான். "நடுவுல விழுந்த பிறகு அது உங்க கொட்டை இல்ல மாமா. யார் போட்டதுன்னு கொட்டைக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கணக்கைக் காட்டினான். நான் இப்போது வைக்க வேண்டியது 40. ஜெயித்தால் என் 40ஐயும் சேர்த்து மொத்தம் 140 என் பக்கம் வரும். 140க்கு 40 என்றால் ஏழுக்கு இரண்டு. இதே நிலைமை ஏழு முறை வந்து, அதில் இரண்டு முறை ஜெயித்தால் முதலுக்கு மோசமில்லை. அதற்குக் குறைந்தால் நஷ்டம். ஒரு கட்டில் ஆர்ட்டின் 13. நாலு கண்ணுக்குத் தெரிகிறது, மிச்சம் 9. நான் பார்க்காத சீட்டு 46. ஆக 46க்கு 9, ஐந்துக்கு ஒன்று கூடத் தேறாது. கவிழ்த்திருக்க வேண்டும். இதே கேள்வியை அவன் ஒரு திறப்புக்கு முன்னால், இரண்டு சீட்டு பாக்கி இருந்தபோது கேட்டிருந்தால், ஆர்ட்டின் விழ நூற்றுக்கு 35 வாய்ப்பு. அப்போது வைத்தது சரி. கை ஒன்றே, கேட்ட நேரமும் விலையும்தான் வேறு.

கொள்முதலில் இதைத்தானே நாம் தினமும் செய்கிறோம்! அடக்க விலை என்ன, எத்தனை மூட்டை விற்றால் அடக்கம் தேறும் என்று பார்க்காமல் எந்த வியாபாரியாவது லாரியை இறக்குவாரா? கடன் என்று வந்தால் மட்டும் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் சூதாட்டக் காட்சி வரும்போது தர்மரைப் பார்த்து எனக்கு இப்போதெல்லாம் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் வருகிறது. நாட்டை இழந்தார்; இழந்ததை மீட்கத் தம்பிகளை வைத்தார்; பிறகு தன்னையே வைத்தார். ஒவ்வொரு முறையும் பழைய நஷ்டம்தான் புதுப் பந்தயத்துக்குக் காரணம்.

அவரைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2015இல் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயை எட்டியது நினைவிருக்கும். மறு வருடமும் அந்த விலை திரும்பும் என்று ஒரு தரகர் சொன்னதை நம்பிக் கிடங்கை நிரப்பினேன். 2016-17 பருவத்தில் விளைச்சல் ஏறக்குறைய இரண்டு மடங்காகி, குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்று அரசு வைத்த ஆதார விலைக்கும் கீழே சந்தை இறங்கியது. இறங்க ஆரம்பித்ததும் நான் என்ன செய்தேன்? சராசரி விலை குறையட்டும் என்று மேலும் வாங்கினேன். முதல் கொள்முதலை மன்னிக்கலாம், அப்போது கையில் ஏதோ நியாயம் இருந்தது. இரண்டாவது கொள்முதலுக்கு இருந்த ஒரே நியாயம் முதல் கொள்முதல்தான். வீட்டு நகை பேங்கிலிருந்து திரும்பி வர இரண்டு வருடம் ஆயிற்று.

நம் தம்பியின் நோட்டுக்கு வருகிறேன். அவரும் முதலில் சொன்னது, "நாப்பது போட்டுட்டேனே அண்ணே" என்பதுதான். போட்டது போனதாக வை, இப்போது கேட்கும் விலையை மட்டும் பார் என்றேன். வைக்க வேண்டியது 20,000. படகு நன்றாக ஓடினால் வருவது 60,000. மூன்றுக்கு ஒன்று. மூன்று பேரில் ஒருவர் கொடுத்தால் போதும் என்கிற அளவுக்கு மலிவான பந்தயம். தம்பியின் முகம் தெளிந்துவிட்டது. நோட்டை மூடப் போனார்.

அவசரப்படாதே என்று உட்கார வைத்தேன். சீட்டில் கவிழ்த்துவிட்டால் நடுவில் இருப்பது முழுக்கப் போயிற்று. நமக்கு அப்படி இல்லை. சரக்கு கொடுக்காவிட்டாலும் தெருவில் பார்த்துக் கேட்டுக் கேட்டு, ஐநூறும் ஆயிரமுமாக எவ்வளவு வாங்க முடியும் என்று கேட்டேன். யோசித்து, "ஒரு பத்தாயிரம் வரும்" என்றார். அப்படியானால் கணக்கே மாறுகிறது. சும்மா இருந்தாலே பத்தாயிரம் வரும் என்றால், கொடுப்பதற்கு வேண்டிய வாய்ப்பு மூன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒன்றாக ஏறிவிடுகிறது. 60,000இல் பாதி 30,000. அதில் இருபதைக் கழித்தால் அதே பத்து. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஒரு ஓட்டம் சரியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும், வரும் வரைக்கும் வட்டி நாம் சுமப்பதும் இதில் சேரவில்லை. சீட்டில் பைசல் உடனே முடிந்துவிடும், நமக்குத் தீபாவளி வரை இழுக்கும்.

"அவன் குடுப்பானா, மாட்டானா? பாதிக்குப் பாதி இருக்குமா?" என்று கேட்டேன். "சரியா அதான் அண்ணே எனக்கும் தோணுது" என்றார். துலாக்கோல் நடுவில் நின்றுவிட்டது.

இங்கேதான் ஆளைப் படிப்பது வருகிறது. போக்கரில் வெறுங்கையை வைத்துக்கொண்டு மிரட்டுபவர் உண்டு. அவரைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்ப்பதைவிட, முதல் பந்தயத்திலிருந்து கடைசி வரை அவர் சொல்லி வந்த 'கதை' ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று பார்ப்பார்களாம். 2022 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகில் ஹஸ்லர் என்ற சூதாட்ட விடுதியில் ஓர் ஆட்டம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. காரெட் ஏடல்ஸ்டீன் என்ற பெரிய ஆட்டக்காரர் ஆல் இன் தள்ளினார். எதிரில் ராபி ஜேட் லூ என்ற பெண்மணி, ஜோடிகூட இல்லாமல் ஜாக்கியும் நாலும் கையில் வைத்துக்கொண்டு, 1,09,000 டாலர் வைத்துப் பார்த்தார். ஏடல்ஸ்டீனிடம் அப்போது அதுவும் இல்லை. சேர வேண்டிய சீட்டு சேரவில்லை. 2,69,000 டாலர் அந்த அம்மாளுக்குப் போயிற்று. ஏமாற்று என்று புகார் கிளம்பி, விசாரணை நடத்தி, ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். ஜெயித்ததால் அவர் வைத்தது சரி என்று ஒரு கட்சி, ஜெயித்தாலும் தப்பு என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. கடன் திரும்பி வந்துவிட்டது என்பதற்காகக் கொடுத்தபோது யோசித்தோம் என்று ஆகிவிடாது.

நம் கடைகளில் வெறுங்கையைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு, சில்லறை வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். நம்மிடம் பாக்கியை வைத்துவிட்டு, ரொக்கம் கையில் இருக்கும் நாளில் அடுத்த தெருக் கடைக்குப் போகிறவர். அவரிடம் பணம் இல்லாமல் இல்லை, நமக்குக் கொடுக்க இல்லை. "இந்த ஆள் அப்படிப் போறானா?" என்று கேட்டேன். இல்லை என்றார் தம்பி. தானே நேரில் வந்து கேட்டாரா, பிள்ளையை அனுப்பினாரா? நேரில் வந்தார். அது நல்ல பக்கம்.

பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு இன்னொன்று உறைத்தது. தம்பியின் கணக்கு என் பேரேட்டிலும் நின்றுகொண்டிருந்தது. அவர் கொடுக்கப்போகும் 26 கிலோ சிப்பம் என் கிடங்கிலிருந்து, என் கடனில் போவது. தன் பணத்தை வைப்பதா என்று அவர் கேட்கவில்லை; என் பணத்தை வைப்பதா என்று கேட்க வந்திருக்கிறார், அது அவருக்கே தெரியாமல். யோசனை சொல்பவனாக உட்கார்ந்திருந்த நான் ஆட்டத்தில் ஒரு கை என்று அப்போதுதான் விளங்கியது. இதை அவரிடம் சொல்லியும் விட்டேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

பிறகு சொன்னேன்: "தம்பி, சீட்டுல பணம் வைக்காம எதிராளி கையைப் பாக்க முடியாது. நமக்கு முடியும். நிவாரணப் பணத்துலேருந்து ஐயாயிரம் முதல்ல வரவு வைக்கச் சொல்லு. வச்சா முழு இருவதும் குடு." ஐயாயிரம் வந்தால் வேண்டிய வாய்ப்பு நூற்றுக்கு 50லிருந்து 45 அளவுக்கு இறங்குகிறது, அது சிறிய லாபம்தான். கேட்டதும் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் நான் பார்க்க விரும்பிய சீட்டு. அத்துடன், இதுதான் கடைசி என்று அன்றே வாய்விட்டுச் சொல்லிவிடச் சொன்னேன். ஆல் இன்னில் ஒரு நல்ல குணம், அதற்கு மேல் கேட்க எதுவும் மிச்சம் இருக்காது. பற்று நோட்டில் நாம்தான் அந்தக் கோட்டைப் போட வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. "அண்ணே, மூவாயிரம் கொண்டாந்திருக்கான். மிச்சம் ரெண்டு நாளைக்கின்னு சொல்றான்." ஐந்து கேட்டு மூன்று வந்தால் எப்படிப் படிப்பது? மருமகனுக்குப் போன் செய்து கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். "பன்னெண்டாயிரத்துக்கு மட்டும் போடு. ரெண்டாயிரம் வந்த பிறகு எட்டைப் போடு" என்றேன். ரெண்டாயிரம் மூன்றாம் நாள் வந்தது. படகு 15ஆம் தேதி விடியலுக்கு முன் இறங்கிவிட்டது.

ஆவணி முடிவில் தம்பியின் நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே 31,000 நின்றது. 55இலிருந்து இறங்கியிருக்கிறது. என் பேரேட்டில் தம்பியின் பெயருக்கு எதிரே நிற்பதை இங்கே எழுதவில்லை, இந்த இதழை அவரும் படிப்பார்.