செத்தால் மறுபடியும் முதலிலிருந்து... தாயக்கட்டைக்கும் செல்போன் ‘டஞ்சன்’ கேமுக்கும் என்ன சம்பந்தம்?

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூர் பக்கம் போயிருக்கிறீர்களா? அப்படியானால் ரஞ்சன்குடி கோட்டையைப் பார்க்காமல் தாண்டியிருக்க மாட்டீர்கள். சுற்றிலும் அகழி, ஒன்றுக்குள் ஒன்றாக மதில்கள், உள்ளே நிலத்தடி அறைகள். கர்நாடக நவாப் பதவிக்காக 1751-ல் ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரர்கள் இன்னொரு பக்கமும் நின்று மோதிய வாலிகண்டபுரம் போர் நடந்ததும் இந்த வட்டாரத்தில்தான்.

கோட்டைக்குள் முதல் தடவை நுழையும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நெஞ்சு படபடக்கும். இந்தப் படி எங்கே போகிறது? அந்த இருட்டுக்குள் என்ன இருக்கிறது? இரண்டாவது தடவை போனால் அந்தப் படபடப்பு பாதியாகிவிடும். மூன்றாவது தடவை, கூட வந்த சித்தப்பா பிள்ளைகளுக்கு நாமே கைடு ஆகிவிடுவோம். கோட்டை அதேதான். தெரியாததுதான் தீர்ந்துபோயிருக்கும்.

இப்போது இப்படிக் கற்பனை செய்யுங்கள். நாம் வெளியே வந்து டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்தக் கோட்டை தன் சுவர்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிடுகிறது. நேற்று படி இருந்த இடத்தில் இன்று கிணறு. நேற்று புதையல் இருந்த அறையில் இன்று பாம்பு. எத்தனை தடவை போனாலும் அது முதல் தடவைதான்!

செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ‘ரோக்லைக்’ என்ற பெயரில் வரும் கேம்கள் செய்வது இதைத்தான். அவற்றில் இரண்டே இரண்டு சட்டங்கள்தான் முக்கியம். ஒன்று, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாதாள அறைகள் புதிதாக அமையும். இரண்டு, செத்தால் செத்ததுதான். பாதியில் சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்ப முடியாது. மறுபடியும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எழுதியவருக்கே விடை தெரியாத கதை

இந்த வகைக்குப் பெயர் கொடுத்த கேம் ‘ரோக்’. 1980-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற இரு மாணவர்கள் உருவாக்கியது. பிறகு பெர்க்லியில் கென் அர்னால்டும் சேர்ந்துகொண்டார். அன்றைக்கு இருந்த சாகச கேம்களில் அவர்களுக்கு ஒரு குறை. புதிரை ஒரு தடவை அவிழ்த்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. அதிலும், அந்த கேமை எழுதியவருக்கு எங்கே என்ன இருக்கிறது என்பது மனப்பாடம். அவரால் தன் கேமைத் தானே ரசித்து ஆட முடியாது. அப்படியென்றால் எழுதியவரையே ஏமாற்றும் ஒரு கேம் எழுதினால்?

படமெல்லாம் வரைய வசதியில்லாத கம்ப்யூட்டர்கள் அவை. அதனால் எழுத்துகளையே படமாக்கினார்கள். மெயில் முகவரியில் வரும் ‘@’ குறிதான் நம் ஹீரோ. ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளும் 26 வகை அரக்கர்கள். திரையை நேராக மூன்று, குறுக்காக மூன்று என ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் அறை போட்டு, நடுவில் சந்துகளால் இணைத்தது ப்ரோகிராம். 26-வது தளம் வரை இறங்கி, அங்கிருக்கும் தாயத்தை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வர வேண்டும். அவ்வளவுதான் கதை.

சுவர்கள் மட்டும் மாறினால் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீல நிற மருந்து இந்த ஆட்டத்தில் காயத்தை ஆற்றும். அடுத்த ஆட்டத்தில் அதே நீலம் கண்ணைக் கட்டிவிடும். குடித்துப் பார்த்தால்தான் தெரியும். சாப்பாடும் அளவோடுதான் கிடைக்கும் என்பதால் ஒரே இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கவும் முடியாது. பசி கீழே தள்ளும், பயம் மேலே இழுக்கும். இந்த இழுபறிதான் ஆட்டத்தின் உயிர்.

பாட்டி வீட்டுத் திண்ணையில் இருந்த கேம்

‘செத்தால் முதலிலிருந்து’ என்ற சட்டம் கேட்பதற்குக் கொடுமையாக இருக்கலாம். ஆனால், தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது பழகிய கொடுமைதான்.

தாயம் விழாமல் காய் இறங்காது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு பக்கங்கள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் இரண்டு மட்டும்தான் தாயம். அதாவது, எட்டுக்கு ஒரு வாய்ப்பு. அரை மணி நேரம் உருட்டி, இறங்கி, கட்டம் கட்டமாக நகர்ந்து, பழமாகப் போகும் நேரத்தில் எதிராளி ஒரு மூன்றைப் போட்டு வெட்டிவிட்டால்? காய் மறுபடியும் வெளியே. மறுபடியும் தாயத்துக்காகத் தவம்.

அந்த வெட்டு இல்லாவிட்டால் தாயத்தில் என்ன இருக்கிறது? மலையில் காயை ஏற்றி வைக்கும்போது வரும் நிம்மதிக்குக் காரணம், வெளியே நின்றால் வெட்டு விழும் என்ற பயம்தான். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து ஆடும் பரமபதத்தில், கடைசி வரிசையில் வாய் பிளந்து காத்திருக்கும் பெரிய பாம்பும் அப்படித்தான். இழப்பதற்கு ஒன்று இருந்தால்தான் எடுத்துவைக்கும் அடிக்கு அர்த்தம் வருகிறது.

ரோக்லைக் கேம்கள் பிடித்துக்கொண்டது இந்த நாடியைத்தான். ‘பார்த்துக்கலாம், செத்தா லோடு பண்ணிக்கலாம்’ என்ற அலட்சியம் இங்கே செல்லாது. ஒவ்வொரு கதவையும் யோசித்துத்தான் திறக்க வேண்டும்.

காரை மண்மேடும் கம்ப்யூட்டர் கணக்கும்

சரி, கம்ப்யூட்டர் எப்படி ஒவ்வொரு தடவையும் புதுக் கோட்டை கட்டுகிறது? பதில் பெரம்பலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

காரை கிராமத்தை ஒட்டிய மண்மேடுகளை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம். அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் முழுக்கக் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைப்பது அதனால்தான். வாரணவாசியில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. காரையின் களிமண்ணை மழை அறுத்து அறுத்து, ஆயிரம் ஓடைகளும் முகடுகளுமாக ஆக்கிவைத்திருக்கிறது. எந்த இரண்டு ஓடையும் ஒரே மாதிரி இருக்காது. ஆனால், அவற்றை உருவாக்கிய விதி ஒன்றுதான்: தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும், இளகிய மண்ணை முதலில் அறுக்கும். விதி மாறாது, உருவம் மாறிக்கொண்டே இருக்கும்.

கேம் உலகில் இதற்கு ‘ப்ரொசீஜுரல் ஜெனரேஷன்’ என்று பெயர். கோட்டையை யாரும் வரைவதில்லை. கோட்டை கட்டும் விதிகளைத்தான் எழுதுகிறார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு அறைகளை இறைத்தால் வழியே இல்லாத கோட்டையும் உருவாகிவிடும். அதற்கும் ஒரு வழி உண்டு. டெரக் யூ உருவாக்கி 2008-ல் வெளிவந்த ‘ஸ்பெலங்கி’யில், ஒரு லெவல் என்பது நாலுக்கு நாலு, 16 அறைகள். ப்ரோகிராம் முதலில் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை கட்டாயம் ஒரு வழி இருக்கும்படி கோடு போட்டுக்கொள்ளும். பிறகுதான் மனிதர்கள் யோசித்து வரைந்து வைத்த அறை மாதிரிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தும். உள்ளே பொறிகளையும் புதையலையும் தூவும். புள்ளி வைத்துவிட்டு, கோட்டை மட்டும் தினம் வேறு வேறாக இழுக்கும் கோலம் மாதிரி!

இன்னொரு ரகசியமும் உண்டு. கம்ப்யூட்டரின் ‘அதிர்ஷ்டம்’ உண்மையில் அதிர்ஷ்டமே இல்லை. ஒரு விதை எண்ணிலிருந்து முளைக்கும் கணக்கு. அதே எண்ணைக் கொடுத்தால் அதே கோட்டைதான் எழும்பும். பெரம்பலூரில் ஒருவரும் அரியலூரில் அவர் நண்பரும் ஒரே எண்ணைப் போட்டு ஆடினால், இருவருக்கும் ஒரே அறைகள், ஒரே அரக்கர்கள். இனி ‘எனக்கு நல்லதா விழலைடா’ என்று சாக்கு சொல்ல முடியாது. பல கேம்களில் தினமும் உலகம் முழுக்க எல்லோருக்கும் ஒரே கோட்டையைக் கொடுத்து நடக்கும் போட்டிக்கு அடிப்படையும் இந்த எண்தான்.

தோற்றாலும் கையில் மிஞ்சுவது

இருபது தடவை செத்தவர் இருபத்தோராவது தடவை ஏன் தொடங்குகிறார்? பெற்றோர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் கேள்வி இது.

ஹீரோவின் வாள், கவசம், காசு எல்லாம் போய்விடும். ஆனால், ஆடுகிறவரின் தலைக்குள் ஏறியது போகாது. இந்த அரக்கன் இரண்டு அடி தள்ளி நின்றால் தாக்க மாட்டான், பணம் இருக்கும்போதே மருந்து வாங்கி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அடுத்த ஆட்டத்துக்கும் கூடவே வரும். கேமில் ஹீரோவுக்கு லெவல் ஏறவில்லை, ஆடுகிறவருக்குத்தான் ஏறுகிறது.

அதற்கு கேம் நியாயமாக இருக்க வேண்டும். ‘ஸ்லே தி ஸ்பையர்’ என்ற சீட்டு கேமில் எதிரி அடுத்து என்ன செய்யப் போகிறான் என்பதை அவன் தலைக்கு மேலேயே காட்டிவிடுவார்கள். கையில் வரும் சீட்டு அதிர்ஷ்டம். அதை வைத்து என்ன செய்வது என்பது நம் பாடு. ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகவும் இன்டர்நெட் இல்லாமலும் ஆடக்கூடிய ‘ஷாட்டர்ட் பிக்ஸல் டஞ்சன்’, முக்கியமான சில பொருள்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கட்டாயம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்கிறது. எந்த அறையில் என்பது மட்டும்தான் மர்மம். 2020-ல் வந்த ‘ஹேடிஸ்’ ஒரு படி மேலே போனது. அதில் பாதாள உலகத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கும் மகன், ஒவ்வொரு தடவை செத்ததும் அப்பா வீட்டிலேயே வந்து விழுவான். விழும்போதெல்லாம் வீட்டில் கதை ஓர் அத்தியாயம் நகர்ந்திருக்கும். தோல்விதான் கதையைத் தள்ளுகிறது! அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது 2021-ல் இந்த கேமுக்குக் கிடைத்தது.

நம் பக்கத்திலும் முயற்சி நடந்திருக்கிறது. ஹைதராபாத்தின் ‘ஓகர் ஹெட் ஸ்டூடியோ’ 2017-ல் வெளியிட்ட ‘அசுரா’, இந்தியப் புராண வாசனையோடு வந்த ரோக்லைக். தாயமும் பரமபதமும் பிறந்த மண்ணிலிருந்து இன்னும் நிறைய வரலாம்.

உருட்டுவது ஒன்றுதான்... பணயம்தான் வேறு

வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். ‘அதிர்ஷ்டம், சீட்டு, இன்னும் ஒரே ஒரு ஆட்டம்... இதெல்லாம் சூதாட்டம் மாதிரியே இருக்கே?’

நியாயமான பயம்தான். ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தையும் உயிரையும் இழந்த குடும்பங்களைப் பார்த்த மாநிலம் இது. 2022-ல் தமிழ்நாடு அதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்தக் குழப்பம் வெளிநாட்டிலும் வந்தது. போக்கர் சீட்டுகளை வைத்து 2024-ல் வந்த ‘பலாட்ரோ’ என்ற ரோக்லைக்கில் யாரும் ஒரு பைசா பந்தயம் கட்ட முடியாது. இருந்தும் ஐரோப்பாவின் வயதுத் தர அமைப்பு, சூதாட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறது என்று அதற்கு ‘18 வயது’ முத்திரை குத்தியது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் அதை 12 ஆகக் குறைத்தது.

வித்தியாசம் கண்டுபிடிக்க வீட்டில் மூன்று கேள்விகள் போதும். தோற்றால் போவது கேமுக்குள் இருக்கும் வாளா, வங்கிக் கணக்கில் இருக்கும் பணமா? செத்த பிறகு ‘காசு கட்டினால் உயிர்’ என்று கேம் கை நீட்டுகிறதா? நூறு ஆட்டம் ஆடியவர் முதல் ஆட்டம் ஆடுபவரைவிடத் தெளிவாகத் திறமைசாலியாக இருக்கிறாரா? பணம் போகிறது என்றாலோ, கேம் கை நீட்டுகிறது என்றாலோ போனை வாங்கி வைத்துவிடலாம். மூன்றாவதற்கு ‘ஆமாம்’ என்பது பதிலானால், அங்கே கொஞ்சம் கற்றலும் நடக்கிறது.

அதற்காக விடிய விடிய ஆடலாம் என்று அர்த்தமில்லை. ‘இன்னும் ஒரு ஆட்டம்’ என்ற கொக்கி இந்த கேம்களுக்கு இயல்பிலேயே உண்டு. பணம் போகாது, தூக்கமும் பரீட்சையும் போகலாம். ஒரு நல்ல விஷயம், இங்கே ஒவ்வொரு சாவும் ஓர் இயல்பான முற்றுப்புள்ளி. ‘செத்ததும் வைத்துவிட வேண்டும்’ என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளலாம்.

போனே வேண்டாம்... இன்றே ஆடலாம்!

ஒரு தாள், பென்சில், தாயக்கட்டை, ஆறு புளியங்கொட்டை போதும்.

தாளில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம் போடுங்கள். இடது மேல் மூலை வாசல். வலது கீழ் மூலை வெளியேறும் வழி. பக்கத்துக் கட்டத்துக்கு மட்டும்தான் போகலாம். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கொட்டை செலவு. அது உங்கள் சாப்பாடு. புது அறைக்குள் நுழைந்ததும் உருட்டுங்கள்.

தாயம் விழுந்தால் புதையல், ஒரு புள்ளி. இரண்டு என்றால் உணவு. இரண்டு கொட்டை கிடைக்கும். மூன்று, காலி அறை. நான்கு, அரக்கன், ஒரு கொட்டை போச்சு. ஐந்து, பொறி, இரண்டு கொட்டை போச்சு. ஆறு, மருந்து; அடுத்து வரும் அரக்கனையோ பொறியையோ ஒரு முறை தடுக்கும். பன்னிரண்டு விழுந்தால் பெரிய பாம்பு, ஆட்டம் முடிந்தது! ஏற்கெனவே திறந்த அறைக்குத் திரும்பினால் உருட்ட வேண்டாம். கொட்டை மட்டும் செலவாகும். வெளியேறும் கட்டத்திலும் உருட்டுவதில்லை. அதற்குள் கொட்டை தீர்ந்தால் அங்கேயே சாவு. உயிரோடு வெளியே வந்தால்தான் புதையல் கணக்கில் சேரும்.

நாலே அடியில் நேராகப் போனால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால், கையில் புதையல் இருப்பது சந்தேகம்தான். சுற்றிப் போனால் புதையல் கிடைக்கலாம், கொட்டை தீரலாம். முதல் இரண்டு ஆட்டத்திலேயே வீட்டில் யார் பேராசைக்காரர், யார் பயந்தாங்கொள்ளி என்பது தெரிந்துவிடும்.

செத்தால் தாளைத் திருப்பிப் போட்டு, புதிதாக ஒன்பது கட்டம் போடுங்கள். முக்கியமாக, கட்டையைப் பாட்டியிடம் கொடுங்கள். அவர் உருட்டினால் மட்டும் ஏன் எப்போதும் தாயம் விழுகிறது என்பதை எந்த ப்ரோகிராமாலும் விளக்க முடியாது!