பழைய ஏட்டை எப்போது கைவிடுவது?

நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறார். ஆனால், "பையன் ஆபீஸ்ல என்னதான் பண்றான்?" என்று கேட்டால் பெற்றோருக்குச் சட்டென்று பதில் சொல்ல வருவதில்லை. புதிதாக எழுதுவதைவிட, ஏற்கெனவே எழுதியதைப் பழுது பார்த்துக் காப்பாற்றுவதே இந்நகரில் பலருக்குப் பிழைப்பு. நானும் அவர்களில் ஒருவன். அந்த வேலையில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். பழசாகி, கவனிக்க ஆளில்லாமல் போன ஒரு கருவியை எப்போது கைவிடுவது?

வெர்ஷன் கன்ட்ரோல் என்றால் என்ன?

ஒரு மென்பொருளைப் பல பேர் பல ஆண்டுகள் எழுதுகிறார்கள். யார், எந்தத் தேதியில், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று ஒன்றுவிடாமல் குறித்துவைக்கும் ஏற்பாடுதான் வெர்ஷன் கன்ட்ரோல். தமிழில் பதிப்புக் கட்டுப்பாடு என்கிறார்கள். ஒரு மாற்றம் தப்பாகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இருவர் ஒரே பக்கத்தைத் திருத்தியிருந்தால் இரண்டையும் சேர்க்கலாம். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடி, ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்தார் அல்லவா? அந்த வேறுபாடுகளை அவர் பிற்காலத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இங்கே அவை அன்றன்றைக்கே பதிவாகிவிடுகின்றன.

கருவிகளின் தலைமுறைகள்

1980களின் தொடக்கத்தில் வால்டர் டிக்கி என்பவர் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆர்.சி.எஸ். என்ற கருவியைச் செய்தார். அதில் ஒருவர் ஒரு கோப்பைத் திருத்தும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். 1986இல் நெதர்லாந்தின் டிக் குரூன் தொடங்கிவைத்த சி.வி.எஸ்., பலர் ஒரே சமயத்தில் வேலை செய்ய வழிவிட்டது. ஆனால் அதில் ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் அதன் பழைய வரலாறு தொடராது. அந்தக் குறைகளைத் தீர்க்கவே சப்வெர்ஷன் என்ற கருவி 2004இல் முதல் முழுப் பதிப்பாக வந்தது. 2005இல் லினக்ஸ் கெர்னல் குழுவினர் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே கிட் என்ற கருவியை உருவாக்கினார். இன்று கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

ஈமேக்ஸ் எடுத்த முடிவு

நம் கேள்விக்கு நல்ல உதாரணம் ஈமேக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பி. ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இதன் வரலாறு 1980களிலிருந்து வருகிறது. 2009 டிசம்பரில் இது சி.வி.எஸ்.ஸை விட்டு பஜார் என்ற கருவிக்கு மாறியது. உபுண்டு லினக்ஸை வெளியிடும் கனோனிகல் நிறுவனம் ஆதரித்த கருவி அது. ஸ்டால்மனின் குனூ திட்டத்திலும் அது சேர்ந்திருந்ததால், நம்ம வீட்டுச் சரக்கை நாமே ஆதரிக்க வேண்டாமா என்பது ஒரு காரணம்.

சில ஆண்டுகளில் பஜாரின் வளர்ச்சி படுத்துவிட்டது. பிழைகளைச் சொன்னாலும் திருத்துவார் குறைந்தனர். 2013இல் இந்தப் பேச்சு எழுந்தபோது, பஜாரை யாராவது உண்மையாகப் பராமரிக்கிறார்களா என்பதே ஸ்டால்மன் முன்வைத்த அளவுகோல். 2014 ஜனவரியில் எரிக் ரேமண்ட், பஜார் செத்துக்கொண்டிருக்கிறது, ஈமேக்ஸ் வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். புதிதாக உதவ வருகிறவர்கள் இதற்காக மட்டும் இன்னொரு கருவியைக் கற்க மாட்டார்கள் என்பது அவருடைய வாதத்தில் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் ஈமேக்ஸ் கிட்டுக்கு மாறியது. ஆர்.சி.எஸ்., சி.வி.எஸ்., பஜார் ஆகிய மூன்றையும் கடந்து வந்த பழைய பதிவுகளைத் தூக்கிப்போடாமல் கூடவே கொண்டுபோனார்கள்.

பிறகு நடந்ததையும் பாருங்கள். பஜார் எழுதப்பட்டிருந்தது பைதான் 2 என்ற மொழியில். அந்த மொழிக்கான ஆதரவே 2020 ஜனவரி 1இல் நின்றது. பிரீஸி என்ற பெயரில் சிலர் பஜாரைப் பைதான் 3க்கு மாற்றிக் காப்பாற்றினார்கள். அப்படிச் செய்திராவிட்டால், கருவி கெடாமலேயே அது நின்ற தரை போயிருக்கும்.

பழசு என்பதே குற்றமா?

இல்லை. ஓபன்பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தார் இன்றும் சி.வி.எஸ்.ஸில்தான் வேலை செய்கிறார்கள். அதைக் கவனித்துக்கொள்ளும் திறமையும் மனமும் அவர்களிடமே இருக்கிறது. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கே.டி.இ. அதன் திரைகளில் தமிழ் எழுத்தைப் பார்க்கும்படி செய்த தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்புகள், மற்ற மொழிகளோடு சப்வெர்ஷனில் இருந்துவந்தன. நிரல்கள் கிட்டுக்குப் போன பிறகும் மொழிபெயர்ப்புக் கோப்புகளை அங்கேயே வைத்தார்கள். எல்லா மொழிகளும் ஒரே இடத்தில், வேண்டிய அடைவை மட்டும் இறக்கிக்கொள்ளும் வசதி அந்த வேலைக்குப் பொருந்துகிறது.

ஆகவே வயதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நான் கேட்கும் கேள்விகள் நான்கு. ஒன்று, பிழை என்று சொன்னால் திருத்த ஆள் உண்டா? இரண்டு, அந்தக் கருவி நம்பியிருக்கும் மொழியும் இயங்குதளமும் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா? மூன்று, புதிதாகச் சேர்கிறவருக்கு அதைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? நான்கு, மாற்றுவதற்கு ஆகும் செலவு என்ன? முதல் மூன்றுக்கும் பதில் "இல்லை" என்றால், நான்காவதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில் தாமதம் கூடாது.

தாமதத்தின் விலை

ஏன் தாமதம் கூடாது? எங்கள் அலுவலகத்தில் இப்போது இதே விவாதம் நடக்கிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுப் பதிவுகள் சி.வி.எஸ்.ஸில் இருக்கின்றன. அக்கருவியின் கடைசி நிலையான பதிப்பு வந்தது 2008இல். "ஓடுற வண்டியை எதுக்கு நிறுத்தணும்?" என்பது ஒரு கட்சி. "எல்லாத்தையும் விட்டுட்டு இன்னைக்குத் தேதியில புதுசா ஆரம்பிச்சுடலாம்" என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டுமே சம்மதமில்லை.

பத்துக் கோப்புகளை ஒரே காரணத்துக்காக மாற்றினாலும், சி.வி.எஸ். அதைப் பத்துத் தனி மாற்றங்களாகவே குறித்துவைக்கும். கிட்டுக்கு மாற்றும் கருவி, தேதி, ஆள், குறிப்பு மூன்றையும் ஒப்பிட்டு எவை ஒரே தொகுதி என்று ஊகிக்கிறது. அந்த ஊகம் சரியா என்று பார்க்க விஷயம் தெரிந்தவர் வேண்டும். மேலும் பழைய பதிவில் இருப்பது வெறும் லாகின் பெயர். வருஷத்துக்கு வருஷம் வேலை மாறும் இந்த ஊரில், அந்தப் பெயர் யாருடையது என்று சொல்லத் தெரிந்தவர்கள் எங்களில் இப்போது மூன்று பேர்தான். அவர்களில் ஒருவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்.

பனையோலை செல்லரிக்கும் முன்பே புது ஏட்டில் படியெடுத்தவர்கள் நம் முன்னோர். எழுத்து தெரியும்போதே படியெடுத்தால்தான் பிழை குறையும். படியெடுக்க ஆளில்லாமல் அழிந்த நூல்கள் எத்தனையோ.

எனவே நான் சொல்லியிருக்கும் யோசனை இது: அந்த மூவரும் இருக்கும்போதே முழு வரலாற்றையும் மாற்றுவது, பழைய சர்வரை ஓராண்டுக்கு வாசிக்க மட்டும் திறந்துவைப்பது, முக்கியமான பழைய வெளியீடுகளை இரண்டு இடத்திலிருந்தும் எடுத்து, வரிக்கு வரி ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகே பழையதை மூடுவது. வேலை மூன்று மாதம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஆபீஸிலும் இப்படி ஒரு பழைய சர்வர் ஏதோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்துக்கொள்கிறவர் யார், அவருக்குப் பிறகு யார் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.