மரத்துக்குள் எத்தனை டன் கரி?

ஒரு மரத்துக்குள் எவ்வளவு கரி இருக்கிறது? மரத்தை வெட்டாமலே சொல்லி விடுகிறார்கள்!

மந்திரம் ஒன்றும் இல்லை. அமெரிக்கக் காடுகளில் ஆட்கள் நாடாவோடு போகிறார்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது நெஞ்சு உயரத்தில், மரத்தைச் சுற்றி அளக்கிறார்கள். அந்த அளவையும் மரத்தின் ஜாதியையும் வைத்து எடையைக் கணக்கிடுகிறார்கள். ஈரம் போக மிஞ்சும் எடையில் ஏறக்குறையப் பாதி கரி. இதை 'கார்பன்' என்பார்கள். காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து மரம் சேர்த்த கரி இது.

இந்தக் கணக்கில் காசு இருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 2013-ம் ஆண்டு முதல், பெரிய ஆலைகள் விடும் புகைக்கு வரம்பு உண்டு. அதை ஈடுகட்ட, ஓர் அளவு வரை, காட்டுக்காரர்களிடம் சீட்டு வாங்கலாம். ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு சீட்டு. விற்றவர் அந்தக் கரியை 100 ஆண்டு காப்பாற்ற வேண்டும்.

<b>சராசரியில் தகராறு</b>

வட்டாரத்தின் சராசரிக் காட்டைவிட எவ்வளவு கரி அதிகமோ, அதற்கு முதலிலேயே சீட்டுக் கிடைக்கும். ஆனால் அந்தச் சராசரியில் பல வகைக் காடுகள் கலந்திருந்தன. தேக்கந் தோப்பையும் வேலங்காட்டையும் கூட்டிச் சராசரி பார்த்தால், தேக்கந் தோப்புக்காரருக்கு யோகம்தானே!

ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் 65 காடுகளின் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். கொடுத்த சீட்டுகளில் நூற்றுக்கு 29 அதிகப்படி, சுமார் 3 கோடி சீட்டு என்றார்கள். கலிபோர்னியா அதிகாரிகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

<b>காடு எரிந்தது!</b>

அதே 2021, ஜூலை 6. பக்கத்து ஓரிகன் மாநிலத்தில் மின்னலால் பிடித்த தீ கண்ணில் பட்டது. 'பூட்லெக் தீ' என்று பெயர். 4 லட்சத்து 13 ஆயிரம் ஏக்கர் எரிந்தது. தீயின் உக்கிரத்தில் சூறாவளியே கிளம்பியது! சீட்டு விற்ற காடு ஒன்றும் அதில் சிக்கியது. மரம் சேர்த்த கரி புகையாகிக் காற்றோடு போயிற்று. சீட்டை வாங்கிய ஆலைகளின் புகையோ அதற்கு முன்பே போய்விட்டது.

இப்படி நேரும் என்று தெரிந்து, ஒரு பொதுக் கையிருப்பு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு காட்டுக்காரரும் தம் சீட்டில் ஒரு பங்கை விற்காமல் அதில் போட வேண்டும். தீ, பூச்சி, நோய் எது வந்தாலும் அதிலிருந்துதான் ஈடு.

2022-ல் இந்தக் கையிருப்பையும் கணக்குப் பார்த்தார்கள். 100 ஆண்டுத் தீ விபத்துக்கென்று ஒதுக்கிய அளவில் குறைந்தது 95 சதவீதத்தை, 10 ஆண்டுக்குள் தீயே தின்றுவிட்டிருந்தது.