‘ஆனால்’ என்னும் சொல்லும் முன்செயலியும்

இலங்கையின் ஈச்சிலம்பற்று போன்ற ஊரொன்றில் உயர்தர வகுப்புத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தமிழில் கற்கும் மாணவர், விளக்கங்களைத் தாய்மொழியில் வாசித்தாலும், பைதன் மொழியில் நிரல் எழுதத் தொடங்கியதும் இஃப், எல்ஸ், வைல் முதலிய ஆங்கிலச் சொற்களையே கையாள வேண்டியுள்ளது. 2008 இல் வெளிவந்த பைதன் 3, மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரிட இடமளித்தபோதிலும், மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாகவே நீடிக்கின்றன.

இதற்கு முதலில் தோன்றும் வழி முன்செயலி ஆகும். நிரலின் மூல உரையை, அதைப் படித்து நேரே இயக்கும் மொழிமாற்றியின் கைக்குச் செல்லுமுன் திருத்தியமைக்கும் மென்பொருளே முன்செயலி எனப்படும். ‘ஆனால்’ என்று வருமிடமெல்லாம் இஃப் என மாற்றும்படி அதற்குச் சொல்லிவிடலாம். ஆயினும், “மேகம் உண்டு, ஆனால் மழை இல்லை” என்று திரையில் காட்டுவதற்காக மாணவர் மேற்கோளுக்குள் எழுதிய வாக்கியத்தையும் அது சிதைத்துவிடும்; ஏனெனில், உரையை மட்டும் காணும் கருவிக்கு, எது கட்டளை, எது வெறும் செய்தி என்பது தெரியாது.

லாரி வோல் 1987 இல் வெளியிட்ட பேர்ள் மொழியும் இவ்வகை இடரைச் சந்தித்தது. சி மொழிக்கென அமைந்த முன்செயலியை வெளியிலிருந்து அழைக்கும் ‘பி’ என்ற தெரிவு அதில் இருந்தது. பேர்ளில் குறிப்புரையைத் தொடங்கும் அடையாளமே சி முன்செயலியின் கட்டளையையும் தொடங்குவதால், இஃப் என்று தொடங்கிய சாதாரணக் குறிப்பும் கட்டளையாகக் கொள்ளப்பட்டது. 2010 இல் வந்த 5.12 பதிப்பில் அத்தெரிவு நீக்கப்பட்டது. மொழிமாற்றி கோப்பை வாசிக்கும் பாதையிலேயே அமரும் மூலவடிகட்டிகளோ தொடர்ந்தன.

பைதனிலும் அத்தகைய உள்வாயில் ஒன்று உண்டு. எழுத்துகளின் குறியாக்க முறையைக் கோப்பின் முதலிரு வரிகளுள் ஒன்றில் அறிவிக்கும் வசதி 2003 இல் 2.3 பதிப்புடன் வந்தது. அக்குறியாக்கத்தை விடுவிக்கும் பகுதி, சொற்பிரிப்புக்கு முன்னரே இயங்குவதால், முன்செயலியை அதற்குள் பொருத்த முடிகிறது. அம்முன்செயலி வரிகளைக் கூட்டாமலும் குறைக்காமலும் விட்டால், பிழைச்செய்தி சுட்டும் வரி எண் மாணவர் எழுதிய வரியோடு பொருந்தும். புதிதாகக் கற்பவருக்கு இது சிறிய உதவியன்று.

சொற்களை மாற்றினாலும் வாக்கிய அமைப்பு மாறுவதில்லை. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே நிற்க, தமிழில் ‘மழை பெய்யுமானால்’ என அது இறுதியில் வந்து ஒட்டுகிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழி இதை உணர்ந்து அமைந்தது. அதன் மொழிமாற்றி பைதனில் எழுதப்பட்டிருந்தாலும், மேலோட்டமான சொல்மாற்றத்தை நம்பாமல், தனக்கெனச் சொற்பிரிப்பானையும் இலக்கண அலகிடுவானையும் கொண்டுள்ளது. ஆகவே அங்கு, ‘@( மழை > 100 ) ஆனால்’ என்று நிபந்தனை முதலில் வர, ‘ஆனால்’ அதன் பின்னே தன் இயல்பான இடத்தில் நிற்கிறது. மேற்கோளுக்குள் வரும் ‘ஆனால்’ மாறாமல் செய்தியாகவே திரைக்குச் செல்கிறது.