கடன்பட்டோர்க்கு உள்ள வழிகள்

நம் ஊர்களில் ஒருவர் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்று சொன்னால் அதன் பொருள் எல்லோர்க்கும் விளங்கும். கடனைத் தீர்க்கும் ஆற்றல் தமக்கில்லை என்று நீதிமன்றத்தில் விண்ணப்பித்துவிட்டார் என்பதே பொருள். அதைச் சொல்வோர் குரலைத் தாழ்த்திச் சொல்வர். கேட்போர் முகத்தைச் சுளிப்பர். இந்தக் கூச்சம் கடனைக் காட்டிலும் மிகுந்த கேட்டை விளைக்கிறது என்பது என் துணிபு. நோயை மறைப்பவர் மருத்துவரிடம் செல்லக் காலம் தாழ்த்துவது போலக் கடனை மறைப்பவர் யோசனை கேட்கக் காலம் தாழ்த்துகிறார். அதற்குள், திறந்திருந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுப் போகின்றன. அவ்வழிகள் யாவை, யாரிடம் கேட்டறியலாம், மஞ்சள் கடுதாசி எப்போது தக்கது என்னும் மூன்றையும் இன்று கூற விரும்புகிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். கடன்பட்டவர் பலரிடம் கடன் எவ்வளவு என்று கேட்டால் 'நிறைய' என்பார், தொகையைச் சொல்லார். ஆகவே ஒரு தாளில் ஐந்து பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். யாரிடம் வாங்கியது, கையில் பெற்றது எவ்வளவு, இதுவரை கொடுத்தது எவ்வளவு, வட்டி என்ன, எழுதிக் கொடுத்தது அல்லது ஈடு வைத்தது எது என்று ஒவ்வொரு கடனுக்கும் குறியுங்கள். தாளின் மறுபக்கத்தில் மாத வருவாயையும், அரிசி, வாடகை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகிய தவிர்க்க முடியாத செலவுகளையும் எழுதுங்கள். எஞ்சுவது எவ்வளவோ அதுவே கடனுக்குத் தரக்கூடிய தொகை. அதற்கு மேல் தருவதாக யாருக்கும் வாக்களித்தல் கூடாது.

வட்டிப் பத்தியில் சற்றுக் கருத்தாக இருத்தல் வேண்டும். தண்டல்காரர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆயிரத்தைந்நூறைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கொடுக்கிறார். நாள்தோறும் 100 ரூபாயாக நூறு நாளில் பத்தாயிரமும் திரும்பிவிட வேண்டும். பார்வைக்கு இது நூற்றுக்குப் பதினைந்து வட்டி. ஆனால் முதல் நாள்தோறும் குறைந்து வருவதால், நூறு நாளும் நம் கையில் சராசரியாக இருப்பது ஏறக்குறைய 4,250 ரூபாயே. அத்தொகைக்கு நூறு நாள் வட்டி 1,500 ரூபாய். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நூற்றிருபதைக் கடந்துவிடும்! ஒரு கடனை அடைக்க இவ்வகையில் மற்றொரு கடன் வாங்கும் நாளே குடும்பம் சரியத் தொடங்கும் நாள். யோசனை கேட்பதற்கு உரிய நாளும் அதுவே.

யாரிடம் கேட்பது? ஒவ்வொரு மாவட்டத்திற்கும் முன்னோடி வங்கி ஒன்று உண்டு. வங்கிகளின் சார்பில் நடைபெறும் நிதியறிவு மையங்களில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். வழக்கு வரும் என்று அஞ்சினால், நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகளிர்க்கும், பட்டியல் சாதியினர்க்கும், பழங்குடியினர்க்கும், தொழிலாளர்க்கும் வருமானம் பாராமலே இலவச சட்ட உதவி உண்டு. ஏனையோரில் பலர்க்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். 'முன்பணம் கட்டுங்கள், கடன் முழுவதையும் நீக்கித் தருகிறோம்' என்று வருவோரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

இனி மாற்று வழிகளைப் பார்ப்போம். முதலாவது, கடன் கொடுத்தவரிடம் நேரே சென்று பேசுதல். தவணை தவறிய பின் ஒளிவதைவிட, தவறுமுன் சென்று தவணையை நீட்டித் தருமாறு எழுத்தில் கேட்பது நன்று. வாராக் கடனாகிவிட்டவற்றை ஒரே தொகையாக, வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளித் தீர்த்துக்கொள்ள வங்கிகள் இசைவதும் உண்டு. இசைந்தால், 'கடன் முழுதும் தீர்ந்தது' என்ற கடிதத்தையும், கொடுத்த பத்திரங்களையும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இரண்டாவது, நாமே முன்வந்து ஒன்றை விற்றல். ஏலத்தில் போகும் நிலம் பெரும்பாலும் உரிய விலை பெறுவதில்லை. நகை ஆண்டுக்கணக்கில் அடகில் கிடந்து வட்டியில் கரைவதைவிட, ஒரு பகுதியை விற்று மற்றதை மீட்பது இலாபம். மனம் வராது, ஆயினும் தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிட்டால் மனமும் இசையும்.

மூன்றாவது, மக்கள் நீதிமன்றம். வழக்குத் தொடுக்குமுன்னரும் இதனை நாடலாம். இருதரப்பாரும் ஒப்பினால் அது தீர்ப்புக்கு நிகராகும். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது எங்கள் ஆசிரியர் ஒருவர் தம் மைத்துனரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டிருந்தார். தொழில் நொடித்தது. மைத்துனர் மஞ்சள் கடுதாசி கொடுக்க எண்ணினார். கொடுத்தால் இருவர்க்கும் விடுதலை என்று நம்பினார். ஆனால் கடன்பட்டவர் விடுபட்டாலும் ஜாமீன் நின்றவர் விடுபடுவதில்லை என்பது சட்டம். சம்பளத்தைப் பற்றுகை செய்யும் உத்தரவு என் மேசைக்குத்தான் வந்திருக்கும். சட்டம் தெரிந்த ஒருவர் இதை எடுத்துரைத்த பின், இருவருமாக மக்கள் நீதிமன்றத்தில் அமர்ந்து, முப்பத்தாறு தவணைக்கு உடன்பாடு செய்துகொண்டனர். மைத்துனர் இரண்டு பங்கும் ஆசிரியர் ஒரு பங்குமாகச் செலுத்தி முடித்தனர். பணம் போயிற்று, உறவு நிலைத்தது.

நான்காவது, வழக்கு நடந்து தீர்ப்பாகும் நிலையிலும் தவணை கேட்டல். கடன்பட்டவர் தக்க காரணம் காட்டினால் தவணையாகச் செலுத்தும்படி ஆணையிட உரிமையியல் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. ஆகையால் சம்மன் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புதல் பேதைமை. வராதவர்க்கு ஒருதலைத் தீர்ப்பே கிட்டும்.

கந்துவட்டிக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி, தண்டல் முதலியவற்றில் அளவு மீறிய வட்டி வாங்குவதைக் குற்றமாக்கியது. மூன்றாண்டு வரை சிறையும் முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கொடுக்கவேண்டிய தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுக் கணக்கைத் தீர்க்கக் கோரவும் அச்சட்டம் இடமளிக்கிறது.

இவ்வளவும் பார்த்த பின்னரும் கடன் மலையாக நின்றால் என் செய்வது? அப்போதுதான் மஞ்சள் கடுதாசி. அது குற்றமன்று, நேர்மையாக நொடித்தவர்க்குச் சட்டம் திறந்து வைத்த கதவு. சென்னை நகரில் 1909ஆம் ஆண்டுச் சட்டமும், மாவட்டங்களில் 1920ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு உரியவை. 2016இல் புதிய திவால் சட்டம் வந்தது. ஆயினும் தனிமனிதர் பற்றிய அதன் பகுதி 2019இல் கம்பெனிகளுக்குப் பிணை நின்றவர்க்கு மட்டுமே நடைமுறைக்குக் கொணரப்பட்டது. ஏனையோர்க்குப் பழைய சட்டங்களே.

நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்தால், அவர் சொத்து நீதிமன்றத்தின் அல்லது அது நியமிக்கும் ரிசீவரின் கைக்குச் சென்று, கடன்காரர்க்குப் பகிர்ந்தளிக்கப்படும். தனித்தனியே அவரை வழக்கால் துரத்துவது நிற்கும். குறித்த காலத்தில் விண்ணப்பித்து விடுதலை ஆணை பெற்றால் பழங்கடன்களிலிருந்து மீளலாம்.

ஆனால் அதன் எல்லைகளையும் அறிதல் வேண்டும். ஈடு பெற்றவர் தம் ஈட்டை விடமாட்டார். அரசுக்குரிய பாக்கியும், மோசடியால் பெற்ற கடனும், மனைவி மக்கள் பராமரிப்புத் தொகையும் விடுதலை ஆணையால் தீருவதில்லை. கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் அது தனிக் குற்ற வழக்கு. அறிவிப்புக் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் செலுத்தியாக வேண்டும். வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்போர் இதை நினைவிற் கொள்க. விண்ணப்பத்துக்கு முன்னே வீட்டை மைத்துனர் பெயருக்கு எழுதி வைத்தால், இரண்டாண்டுக்குள் நிகழ்ந்த அத்தகைய மாற்றத்தை நீதிமன்றம் தள்ளிவிடலாம். ஒளித்தவர்க்கு விடுதலையும் மறுக்கப்படலாம்.

அஞ்சவேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டிய துணி, சமையற்பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், உழவரின் ஏரும் மாடும் பற்றுகைக்கு உரியன அல்ல. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தீண்டப்படா. முப்பத்தோராயிரம் சம்பளமானால் பத்தாயிரத்துக்கு மேல் பற்றமுடியாது. பணக்கடனுக்கான தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்தல் இயலாது. வகையிருந்தும் ஏமாற்றுபவரையன்றி, வறுமையால் கொடுக்க முடியாதவரைச் சிறையிடுவது முறையன்று என்று உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. வங்கிகளின் வசூலாளர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைத்தல் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் ஆணையிட்டுள்ளது.

இது நமக்குப் புதிய கவலையன்று. உழவர்களின் கடன் சுமையை ஆராய்ந்து பிரடெரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் சென்னை அரசுக்கு அறிக்கைகள் அளித்தார். திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிற்று. 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. கடன்பட்டவரைத் தனியே விடலாகாது என்னும் எண்ணமே இவற்றின் அடிப்படை.

ஆகவே கடன்படாத நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒருவர் தூக்கமின்றி இருந்தால், தொலைபேசி மணி அடித்ததும் திடுக்கிட்டால், தபால்காரரைக் கண்டு உள்ளே போனால், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அருகே அமர்த்தி ஒரு தாளைக் கொடுத்து, ஐந்து பத்திகள் வரையச் சொல்லுங்கள். கணக்கு எவ்வளவு பெரிதாயினும் எழுதிய பின் அதற்கு ஓர் எல்லை உண்டு. எழுதாமல் நெஞ்சில் வைத்திருக்கும் கடனுக்கு எல்லையில்லை. அது உயிரையே கேட்கும். பணத்தைக் காலம் தாழ்த்தியும் தரலாம். போன உயிரை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தருவதில்லை.