பிரிந்த தம்பதியின் பெயர்கள் ஒரே ஊரில்… தெரியுமா?

சென்னையில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறுகிறீர்கள். கடைசி நிறுத்தம் ஹைதராபாத் நாம்பள்ளி. ஸ்டேஷனை விட்டு ஒரு பக்கம் கொஞ்ச தூரம் போனால் எம்.ஜே. மார்க்கெட். மறுபக்கம் கொஞ்ச தூரம் போனால் ரெட் ஹில்ஸ், அங்கே நிலோஃபர் மருத்துவமனை. முதலாவது கணவரின் பெயர், அடுத்தது மனைவியின் பெயர். மணவிலக்காகி ஆளுக்கொரு திசையாய்ப் போனவர்கள் அவர்கள்!

சரித்திரக் காதல் தொடர்கதை என்றால், பிரிந்த கணவனும் மனைவியும் கடைசி அத்தியாயத்தில் கைகோத்துவிடுவார்கள். ஹைதராபாத் நிஜாமின் இரண்டாவது மகன் மொஅஸ்ஸம் ஜாவும் துருக்கி அரச குலத்து நிலோஃபரும் கைகோக்கவே இல்லை. ஆனால் இவர்கள் கதையில் நடந்த அளவுக்கு எந்த நாவலாசிரியரும் துணிந்து எழுதியிருக்க மாட்டார். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

ஒரே இரவில் நாடிழந்த குடும்பம், தெரியுமா?

1924 மார்ச் 3. துருக்கியில் கலீஃபா பதவியே ஒழிக்கப்பட்டது. கடைசி கலீஃபா இரண்டாம் அப்துல் மெஜீத் குடும்பத்தோடு ரயிலேற்றி நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். அவருடைய ஒரே மகள் துர்ரூஷெவருக்கு அப்போது வயது 10. அதே குலத்தில் சுல்தான் ஐந்தாம் முராதின் கொள்ளுப்பேத்தி நிலோஃபருக்கு வயது 8. தந்தையை முன்பே இழந்திருந்த அந்தச் சிறுமியும் தாயோடு நாடு கடந்தாள். எல்லோரும் வந்து சேர்ந்த இடம் பிரான்சின் கடலோர ஊரான நீஸ்.

அரியணை போனது, சொத்து போனது. உதவிக்கு வந்த கை எது தெரியுமா? ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் கைதான்! கலீஃபாவுக்கு மாதம் 300 பவுண்டு உதவித்தொகை அனுப்பினார். பின்னாளில், 1937இல், 'டைம்' பத்திரிகை உலகின் மிகப் பெரிய பணக்காரர் என்று அட்டையில் போட்டது இவரைத்தான்!

ஒரே பந்தலில் இரண்டு திருமணம், தெரியுமா?

நிஜாமுக்குத் திருமண வயதில் இரண்டு மகன்கள். மூத்தவர் ஆஸம் ஜா, இளையவர் மொஅஸ்ஸம் ஜா. கிலாஃபத் இயக்கத்தின் ஷௌகத் அலி நடுவில் நின்று சம்பந்தம் பேசினார். மூத்தவருக்கு துர்ரூஷெவர் என்றுதான் பேச்சு தொடங்கியது. கலீஃபா தரப்பு மணமகளுக்குக் கேட்ட மஹர் தொகை அதிகம் என்று நிஜாம் தயங்க, "அதே தொகைக்குத் தம்பிக்கும் ஒரு பெண்" என்று பேசி முடித்தார்கள் என ஒரு கதை ஹைதராபாத்தில் இன்றும் உலவுகிறது.

1931 நவம்பர் 12. நீஸ் நகரில் இரண்டு நிக்காஹும் ஒரே நாளில் நடந்தன. துர்ரூஷெவருக்கு 17 வயது, நிலோஃபருக்கு 15தான்! அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு உறவுக்காரப் பெண்கள், பார்த்தறியாத ஒரு தேசத்துக்குப் புறப்பட்டார்கள்.

நிலோஃபர் என்ற பெயரே நம் ஊர்ப் பூதான், தெரியுமா?

நீலோற்பலம்! நாம் கருங்குவளை என்று கொண்டாடும் பூ. சமஸ்கிருத 'நீலோத்பலம்' பாரசீகத்துக்குப் போய் 'நீலூஃபர்' ஆனது. அங்கிருந்து துருக்கிக்குப் போய் அல்லிக்கும் தாமரைக்கும் பெயராகி, பெண் குழந்தைகளுக்கும் சூட்டப்பட்டது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவைவிட்டுப் போன சொல், ஒரு மணமகளின் பெயராகித் திரும்பி வந்திருக்கிறது!

துர்ரூஷெவர் என்றால்? அரசனுக்கேற்ற முத்து. அந்த முத்து வாழ வந்த ஊரோ, முத்து வணிகத்துக்குப் பேர்போன ஹைதராபாத்!

அதே கப்பலில் காந்தி, தெரியுமா?

1931 டிசம்பரில் மணமக்கள் வெனிஸில் ஏறிய கப்பலின் பெயர் 'பில்ஸ்னா'. வட்டமேசை மாநாடு முடிந்து, இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகத்தில் அதே கப்பலில் ஏறினார் மகாத்மா காந்தி! நடுக்கடலில் மணமக்கள் அவரைச் சந்தித்ததாகச் சொல்வார்கள். சேலை கட்டவும், மாமனார் முன் எப்படி நிற்க வேண்டும், எப்படி வணங்க வேண்டும் என்றும் அந்தப் பெண்களுக்குப் பாடம் நடந்ததும் இதே கப்பலில்தான்.

டிசம்பர் 28இல் கப்பல் பம்பாய் வந்தது. ஒரே வாரத்தில், 1932 ஜனவரி 4 அன்று, காந்தி கைதானார். அன்றுதான் ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனையில் புதுமணத் தம்பதிகளுக்கு விருந்து. நிலோஃபருக்கு 16 வயது நிறைந்ததும் அதே நாளில்! சிறைக்குப் போனவரும் விருந்தில் அமர்ந்தவர்களும் ஒரு வாரம் முன்புவரை ஒரே கப்பலில் வந்தவர்கள்.

இரவெல்லாம் தர்பார் நடத்திய கணவர், தெரியுமா?

நாம்பள்ளிக்கு அப்பால் நௌபத் பஹாட் குன்று. அங்கே 1915இல் நிஜாமத் ஜங் கட்டிய ஹில் ஃபோர்ட் அரண்மனையில் இளைய தம்பதி குடியேறினார்கள். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியைப் பார்த்துக் கட்டிய மாளிகை அது.

மொஅஸ்ஸம் ஜா உருதுக் கவிஞர். 'ஷஜீ' என்பது அவர் புனைபெயர். பொழுது சாய்ந்த பிறகுதான் அவருடைய சபை கூடும். கவிதையும் பாட்டும் விடிய விடிய நடக்கும். அந்தச் சபையில் இருந்த கவிஞர் ஸித்க் ஜாயஸி, 'தர்பார்-ஏ-துர்பார்' என்று அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் நரேந்திர லூதர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

மொஅஸ்ஸம் ஜாவிடம் இன்னொரு பொறுப்பும் இருந்தது. 1908இல் மூசி ஆறு ஊரை அடித்துக்கொண்டு போன பிறகு உருவான நகர மேம்பாட்டு வாரியத்துக்கு அவர்தான் தலைவர். 1935இல் கருங்கல்லில் மணிக்கூண்டோடு எழுந்த சந்தைக்கு அவர் பெயரே நிலைத்தது. மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட்! ஊர் வாயில் அது எம்.ஜே. மார்க்கெட் ஆகிவிட்டது. பழுது பார்த்துப் புதுப்பிக்கப்பட்டு, 2020 ஆகஸ்டில் அது மறுபடியும் திறக்கப்பட்டது.

மனைவியின் நாட்களோ பகலில் நகர்ந்தன. கோஷாவுக்குள் அடங்காமல் நிகழ்ச்சிகளுக்கு வந்தார், பெண்களின் சங்கங்களில் கலந்துகொண்டார். இரண்டாம் உலகப் போரின்போது செவிலியர் பயிற்சி பெற்று நிவாரணப் பணியில் இறங்கினார். பம்பாய்க் கைவினைஞர்கள் பூவேலை செய்து கொடுத்த அவருடைய சேலைகள் இன்று நியூயார்க்கில், ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியின் சேகரிப்பில் இருக்கின்றன!

ஒரு வீடு, இரண்டு உலகங்கள். ஆண்டுகள் ஓடின. குழந்தையும் பிறக்கவில்லை. விரிசல் அகன்றது.

வெற்றிலைப் பெட்டிச் செலவு உச்ச நீதிமன்றம் போனது, தெரியுமா?

1948இல் இளவரசர் மொஅஸ்ஸம் ஜா தன்னை மணந்தார் என்றும், மாதம் 2,000 ரூபாய் 'கர்ச்-ஏ-பாந்தான்' தர ஒப்புக்கொண்டார் என்றும் ரஸியா பேகம் என்பவர் பின்னாளில் வழக்குத் தொடுத்தார். பாந்தான் என்றால் வெற்றிலைப் பெட்டி. மனைவியின் கைச்செலவுக்குக் கணவன் தரும் தொகைக்கு அத்தனை அழகான பெயர்! இளவரசர் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய மற்றொரு மனைவி அன்வர் பேகமும் அவர் மகனும், தங்களையும் வழக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். சேர்க்கலாம் என்று 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வழக்கில் யாரையெல்லாம் தரப்பினராகச் சேர்க்கலாம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்தியச் சட்ட மாணவர்கள் படிப்பது இந்தத் தீர்ப்பைத்தான். ஓர் அரண்மனையின் குடும்பச் சிக்கல், நாடு முழுவதற்கும் சட்டப் பாடமாகிவிட்டது!

ஒரு பணிப்பெண்ணின் மரணம்தான் மருத்துவமனை ஆனது, தெரியுமா?

இந்தக் கதையில் என் மனத்தை விட்டு அகலாத பெயர் ரஃபத். நிலோஃபரிடம் வேலை செய்த பெண், நிலோஃபருக்குப் பிரியமானவர். 1949 வாக்கில் பிரசவத்தின்போது இறந்துபோனார். அன்றைய ஹைதராபாத்தில் ஏழைப் பெண்ணுக்குப் பிரசவம் என்பது மறுபிறவி. வைத்தியம் எட்டியிருந்தால் ரஃபத் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் நிலோஃபரை உலுக்கிவிட்டது. இனி ஒருத்திக்கும் இந்தக் கதி வரக் கூடாது என்று தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு மருத்துவமனை கேட்டார்.

1952இல் மணவிலக்கு ஆனது. 1953இல் 100 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. கவனியுங்கள், அப்போது அவர் நிஜாமின் மருமகளே அல்ல! ஆனாலும் அவர் பெயர்தான் வைக்கப்பட்டது. இன்று தெலங்கானாவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவரும் பெற்றோர் தேடுவது அந்தப் பெயரைத்தான். தனக்கென்று ஒரு குழந்தை இல்லாதவரின் பெயர், எத்தனை எத்தனை குழந்தைகளின் மருத்துவச் சீட்டில்!

மூத்த மருமகளுக்கும் அதே கதைதான், தெரியுமா?

துர்ரூஷெவருக்கு முகர்ரம் ஜா, முஃபக்கம் ஜா என்று இரண்டு மகன்கள். ஆனாலும் கணவர் ஆஸம் ஜாவோடு மனம் ஒட்டவில்லை. அவரும் பிரிந்து லண்டனில் வாழ்ந்தார். நிஜாமோ மூத்த மகனைத் தாண்டி, பேரன் முகர்ரம் ஜாவை வாரிசாக அறிவித்தார்!

துர்ரூஷெவரின் பெயரிலும் பழைய நகரத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை உண்டு. அவர் வாழ்ந்த பெல்லா விஸ்டா மாளிகையில் இப்போது இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி நடக்கிறது. ஒரே நாளில் கழுத்தை நீட்டிய இரண்டு பெண்கள், இரண்டு முறிந்த திருமணங்கள், இரண்டு மருத்துவமனைகள்!

பிறகு என்ன ஆனார்கள், தெரியுமா?

நிலோஃபர் பாரிஸில் தாயோடு வாழ்ந்தார். 1963இல் எட்வர்டு போப் என்ற அமெரிக்கரை மணந்தார். மொஅஸ்ஸம் ஜா 1987இல் காலமானார். நிலோஃபர் 1989 ஜூன் 12 அன்று பாரிஸில் கண்மூடினார், அந்த நகரை ஒட்டிய பொபினியில் அடக்கமானார்.

ஹைதராபாத் மட்டும் அவரை அனுப்பவே இல்லை. ரெட் ஹில்ஸ் பக்கம் 'கஃபே நிலோஃபர்' டீக்கடைக்குப் போய்ப் பாருங்கள். இரானி சாயில் தோய்த்துச் சாப்பிடக் கொடுப்பது என்ன தெரியுமா? உஸ்மானியா பிஸ்கட்! உஸ்மான் அலி கான் பெயரைச் சொல்லும் பிஸ்கட். மருமகள் பெயரில் டீ, மாமனார் பெயரில் பிஸ்கட்!

அடுத்த முறை நாம்பள்ளியில் இறங்கினால், எம்.ஜே. மார்க்கெட் மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு ரெட் ஹில்ஸுக்கு நடந்து போங்கள். மருத்துவமனை வாசலில், கைக்குழந்தையோடு வெளியே வரும் யாரோ ஒரு தாயைக் கட்டாயம் பார்ப்பீர்கள். ரஃபத்துக்குக் கிடைக்காமல் போனது அவளுக்குக் கிடைத்திருக்கும்.