ஒளி சுற்றும் வளையம்

தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ புயல் வீசினால், அங்கே பிறந்த அலைகள் சில நாள்களுக்குப் பின் கடியப்பட்டணக் கரையை வந்தடைகின்றன. எல்லாம் ஒருங்கே வருவதில்லை. ஆழ்கடலில் நீண்ட அலைகள் விரைந்து செல்லும், குறுகியவை பின்தங்கும். கண்ணாடி போன்ற பொருள்களுக்குள் ஒளியலைகளிடமும் இத்தகைய வேக வேறுபாடு உண்டு. அதுவே நிறப்பிரிகை.

ஒளியைக் கொண்டு இயங்கும் நுண்சில்லுகளில் இதைத் துல்லியமாக அளக்க வேண்டியுள்ளது. எப்படி அளப்பது?

பீஜப்பூர் கோல் கும்பாஸில் சுவரோரம் மெல்லப் பேசினால் எதிர்ப்புறம் தெளிவாகக் கேட்கும். ஒலி வளைந்த சுவரை ஒட்டியே செல்வதை 1920களின் தொடக்கத்தில் சர் சி. வி. ராமன் ஆராய்ந்தார். சில்லின்மேல் அமைந்த சிலிக்கான் நைட்ரைடு வளையத்தில் ஒளியும் இவ்வாறே சுற்றுகிறது. வளையத்தின் சுற்றளவில் முழு எண்ணிக்கையான அலைகள் அடங்கினால் மட்டுமே ஒளி அங்கு வலுப்பெறும். இதுவே ஒத்ததிர்வு.

லேசரின் அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போனால், ஒவ்வோர் ஒத்ததிர்விலும் வளையம் ஒளியை ஈர்த்துக்கொள்ளும். வெளிவரும் ஒளி குறையும். 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளையத்தில் இக்குறைவுகள் ஏறத்தாழ 230 ஜிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் தோன்றும். நிறப்பிரிகை இல்லையெனில் இடைவெளிகள் யாவும் சமமாக இருக்கும். அது இருப்பதால், அடுத்தடுத்த இடைவெளிகள் சில மெகாஹெர்ட்ஸ் அளவு மாறுகின்றன. அதாவது லட்சத்தில் ஒரு பங்கு!

இவ்வளவு சிறிய மாற்றத்தை அளக்க நல்ல அளவுகோல் வேண்டுமன்றோ? லேசரின் அதிர்வெண் சீராக உயர்வதில்லை. ஆகவே, சம இடைவெளியில் ஒளிக்கோடுகளைத் தரும் 'அதிர்வெண் சீப்பு' ஒன்றை அருகில் வைத்து ஒப்பிடுகிறார்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் இம்முறையை வெளியிட்டனர்.

இதனால் என்ன பயன்? ஒரே லேசர் ஒளியிலிருந்து நுண்வளையமே பல நிறக்கோடுகள் கொண்ட சீப்பை உண்டாக்க முடியும். ஒவ்வொரு கோடும் ஒரு செய்தித் தடமாகப் பயன்படும். ஆனால் சீரான ஒளித்துடிப்புகளுடன் அச்சீப்பு நிலைபெற, அதிர்வெண் உயர உயர இடைவெளிகளும் சற்றே விரிய வேண்டும். செறிந்த ஒளி வளையத்தின் ஒளிவிலகல் எண்ணை மாற்றுகிறது. அம்மாற்றத்தை இவ்விரிவு ஈடுசெய்கிறது. இடைவெளிகள் சுருங்கினால், ஒளிப்பாதையின் அகலத்தையும் உயரத்தையும் திருத்தி வேறு வளையம் செய்ய வேண்டியதுதான். எந்தப் பக்கம் திருத்துவது என்பதை அளவீடே சொல்கிறது.